பிழைத்த கன்றுக்குக் கூலி



2011-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள் கென்யா நாட்டின் தலைநகர் நைரோபியில் முழு அரசு மரியாதையோடு ஓர் இறுதிச் சடங்கு நடைபெற்றது. அன்று வைக்கப்பட்டிருந்த சவப்பெட்டி மரத்தால் ஆனதல்ல. மூங்கில் சட்டத்தின்மேல் கோரையும் ஆகாயத்தாமரைத் தண்டும் கொண்டு முடையப்பட்டது அது. நம் ஊர்க் குளங்களையும் ஏரிகளையும் மூடிக்கிடக்கிறதே, அதே ஆகாயத்தாமரைதான். தம் உடலைக் கிடத்துவதற்காக ஒரு மரம்கூட வெட்டப்படக் கூடாது என்பது இறந்தவரின் விருப்பம்.

அவர் பெயர் வங்காரி மாத்தாய். 2004-ஆம் ஆண்டின் நோபல் அமைதிப் பரிசைப் பெற்றவர். அப்பரிசைப் பெற்ற முதல் ஆப்பிரிக்கப் பெண்மணி. அவர் ஓஸ்லோ நகரில் பரிசு வாங்கியது அவ்வாண்டு டிசம்பர் 10-ஆம் நாள். சரியாகப் பதினாறு நாள் கழித்து நம் கடற்கரையில் ஆழிப்பேரலை வந்தது. எனவே அந்த மாதத்தில் நம்மில் பலருக்கு நோபல் பரிசுச் செய்தி மனதில் பதியாமல் போனதில் வியப்பில்லை.

இன்று அவரைப் பற்றி எழுதக் காரணம் உண்டு. பெண்களின் பொருளாதார மேம்பாடு, காலநிலை நீதி என்ற இரண்டு சொற்றொடர்கள் அண்மை ஆண்டுகளில் மறைமாவட்டச் சுற்றறிக்கைகளில் அடிக்கடி இடம்பெறுகின்றன. பங்குப் பேரவைக் கூட்டத்தில் அவற்றை வாசிக்கிறோம். பிறகு என்ன செய்கிறோம்? முதலாவதை மகளிர் சுய உதவிக்குழுவிடம் ஒப்படைக்கிறோம். இரண்டாவதை இளைஞர் இயக்கத்திடம் கொடுத்து, மரக்கன்று வாங்கிவரச் சொல்கிறோம். இரண்டும் இரு வேறு வேலைகள் என்றே நாம் நினைக்கிறோம். ஆனால் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டு வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ என்ற திருமடலின் 49-ஆம் எண்ணிலும் 139-ஆம் எண்ணிலும் சொல்லியிருப்பது இதற்கு நேர்மாறானது. பூமியின் அழுகுரலையும் ஏழையின் அழுகுரலையும் ஒருசேரக் கேட்க வேண்டும் என்கிறார். சமூகச் சிக்கல் ஒன்று, சுற்றுச்சூழல் சிக்கல் ஒன்று என இரண்டு தனித்தனியாக இல்லை, இருப்பது ஒரே சிக்கல்தான் என்கிறார். ஏட்டில் வாசிக்கும்போது தலையாட்டிவிடுகிறோம். அது எப்படி ஒரே சிக்கலாகும் என்று எவராவது கேட்டால் விளக்கத் தடுமாறுகிறோம். அந்த விளக்கம் வங்காரியின் வாழ்க்கையில் இருக்கிறது.

வங்காரி 1940-ஆம் ஆண்டு கென்யாவின் மலைநாட்டில், நியேரி பகுதியிலுள்ள இகிதே என்ற சிற்றூரில் பிறந்தார். அவருடைய வீட்டருகே ஓர் அத்தி மரம் நின்றது. கிக்கூயு மக்கள் அதை ‘முகுமோ’ என்பர். அம்மரத்திலிருந்து சுள்ளிகூடப் பொறுக்கக் கூடாது, அது கடவுளின் மரம் என்று தாய் சொல்லி வைத்திருந்தார். அருகே ஓர் ஓடை. தாய்க்குத் தண்ணீர் எடுக்கச் செல்லும் சிறுமி, சேம்பு இலைகளுக்கிடையே சரம்சரமாய் மிதந்த தவளை முட்டைகளைப் பாசிமணி என்று எண்ணி அள்ளப் பார்ப்பாராம். அள்ளிய கையில் ஒன்றும் நிற்காது. நோபல் பரிசு உரையின் முடிவில் அவர் நினைவுகூர்ந்தது இந்த ஓடையைத்தான்.

அவரை வளர்த்ததில் நம் திருஅவைக்குப் பெரும் பங்கு உண்டு என்பதை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம். பதினொரு வயதில் மத்தாரி கத்தோலிக்க மறைப்பணித் தளத்தில் கன்சோலாத்தா அருள்சகோதரிகள் நடத்திய புனித செசிலியா விடுதிப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே கத்தோலிக்கரானார். மரியாயின் சேனையில் உறுப்பினராயிருந்தார். (நம் பங்கில் வாரந்தோறும் கூடுகிற சேனையின் சகோதரிகள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.) பின்னர் லிமுருவில் லொரேட்டோ சகோதரிகளின் உயர்நிலைப் பள்ளியில் படித்தார். அன்னை தெரசா முதலில் சேர்ந்திருந்த அதே சபைதான். 1960-இல் உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் பெனடிக்ட் சபைச் சகோதரிகளின் கல்லூரிக்குச் சென்று 1964-இல் பட்டம் பெற்றார். நாடு திரும்பி 1971-இல் நைரோபியில் முனைவர் பட்டமும் பெற்றார். கால்நடை உடற்கூற்றியல் அவரது துறை.

ஆனால் பெருமையோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. அமெரிக்காவிலிருந்து திரும்பி ஊருக்குச் சென்றபோது அந்த அத்தி மரம் அங்கே இல்லை. நிலத்தை வாங்கியவர், தேயிலை பயிரிட மரம் இடைஞ்சல் என்று வெட்டிவிட்டார். பிறகு ஓடையும் வற்றிப்போயிற்று. அத்தியின் வேர் ஆழத்தில் பாறையைப் பிளந்து இறங்குகிறது, அவ்வழியே நிலத்தடி நீர் மேலேறி ஊற்றாகிறது என்பதை வங்காரி பின்னாளில்தான் புரிந்துகொண்டார். தாயின் தடைச்சொல்லில் ஓர் அறிவியல் இருந்தது. அந்தத் தடைச்சொல் ஏன் வலுவிழந்தது? கடவுள் மலையிலும் மரத்திலும் இல்லை, வானகத்தில் இருக்கிறார் என்ற போதனை வந்த பிறகு மலையும் மரமும் வெறும் பொருள்களாகிவிட்டன என்று அவர் தம் எழுத்தில் வருந்தியிருக்கிறார். அந்தப் போதனையைக் கொண்டுசென்றவர்கள் நம்மவர்கள்.

மரத்தை வணங்குவது நம் மறை அல்ல, அதில் ஐயமில்லை. ஆனால் வணங்கக் கூடாது என்று சொல்லிக்கொடுத்த வேகத்தில், மதிக்க வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டோம். தொடக்க நூலின் முதல் இயல்களை மறைக்கல்வி வகுப்பில் நடத்துகிறோம். ஆதாம் தோட்டத்தில் வைக்கப்பட்டது அதைப் பண்படுத்தவும் பாதுகாக்கவும் என்ற வசனத்தில் முதல் சொல்லோடு மணி அடித்துவிடுகிறது. நாம் பணியாற்றிய ஒரு பங்கில் மாதா கெபி கட்டுவதற்காக முற்றத்தில் நின்ற வேப்ப மரம் வெட்டப்பட்டது. தீர்மான நோட்டில் நம்முடைய கையெழுத்தும் இருக்கிறது. கெபி அழகாகவே அமைந்தது. ஆனால் திருப்பலி முடிந்ததும் அம்மரத்தடியில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்த முதிய பெண்கள் அதன்பின் நேரே வீட்டிற்குச் சென்றார்கள். அதைக் கவனிக்கவே நமக்கு ஓராண்டு பிடித்தது.

இனி விடயத்துக்கு வருவோம். 1970-களில் வங்காரி மாடுகளைத் தாக்கும் உண்ணிகளைப் பற்றி ஆய்வு செய்துகொண்டிருந்தார். உண்ணி சேகரிக்கக் கிராமம் கிராமமாகச் சென்றபோது கண்டவை அவரைத் திடுக்கிடச் செய்தன. மழை பெய்தால் ஆறு செந்நிறமாக ஓடியது. அது வயல்களின் மேல்மண். மாடுகள் எலும்பும் தோலுமாய் நின்றன. மாட்டுக்கு உண்ணியைவிடப் பெரிய ஆபத்து நிலம் சீரழிவதே என்பது அவருக்கு விளங்கிற்று. அதே காலத்தில் கென்ய தேசியப் பெண்கள் மன்றத்தின் கூட்டங்களில் நாட்டுப்புறப் பெண்கள் சொன்ன குறைகளையும் அவர் கேட்டார். விறகு இல்லை. நல்ல தண்ணீர் இல்லை. பிள்ளைகளுக்குச் சத்துணவு இல்லை. கையில் காசு இல்லை.

இந்த நான்கும் நான்கு குறைகள் போலத் தோன்றும். நான்கும் ஒரே கயிற்றின் முடிச்சுகள் என்று கண்டதுதான் வங்காரியின் சிறப்பு. காப்பி, தேயிலை போன்ற பணப்பயிருக்காகக் காடும் தோப்பும் அழிக்கப்பட்டன. பணம் வந்தது, ஆனால் நிலம் ஆண்களின் பெயரில் இருந்ததால் பணமும் அவர்கள் கைக்கே போயிற்று. மரம் போனதால் விறகுக்குப் பெண்கள் மேலும் மேலும் தொலைவு நடந்தார்கள். விறகு அரிதானதால் வெகுநேரம் வேகவேண்டிய பயறும் கிழங்கும் அடுப்பிலேறவில்லை. சீக்கிரம் ஆகிற ரொட்டியும் தேநீரும் பிள்ளைகளுக்கு உணவாயின. பிள்ளைகள் சோகை பிடித்தார்கள். மரத்தை வெட்டியது ஓரிடத்தில். அதன் விலையைக் கொடுத்ததோ வேறோரிடத்தில், அடுப்படியில் நின்ற பெண்ணும் அவள் மடியிலிருந்த குழந்தையும்.

காலநிலை நீதி என்ற சொல்லின் பொருளும் இதுவே. புகையை வானில் விட்டவர் ஒருவர், வெயிலிலும் வெள்ளத்திலும் வாடுபவர் இன்னொருவர். கென்யாவின் சிற்றூரில் மூன்று கல் வைத்துச் சமைக்கும் பெண் உலக வெப்பத்தைக் கூட்டியவள் அல்லள். மழை பொய்த்தால் முதலில் குடம் தூக்கி நடப்பவள் அவளே. அவளுக்குச் சேரவேண்டியதைச் சேர்ப்பது இரக்கச் செயல் அன்று, நீதி. 2022-இல் எகிப்தில் நடந்த காலநிலை மாநாட்டில் இழப்புக்கும் சேதத்துக்கும் ஈடுசெய்யத் தனி நிதி அமைப்பதென நாடுகள் ஒத்துக்கொண்டதும், அடுத்த ஆண்டு துபாய் மாநாட்டிற்கு முன்பாகத் திருத்தந்தை பிரான்சிஸ் ‘லவுதாத்தே தேயும்’ என்ற திருத்தூது அறிவுரையை எழுதியதும் இந்த நீதியின் பொருட்டே.

வங்காரி கண்ட தீர்வு எளிமையானது: மரம் நடுவோம். ஆனால் எளிமையான தீர்வும் முதலில் தோற்றது. 1974-இல் நாற்றுப்பண்ணை வைத்து ‘என்விரோகேர்’ என்ற சிறு நிறுவனம் தொடங்கினார். பணம் இல்லாமல் அது மூடப்பட்டது. பிறகு 1977-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் நாள், உலகச் சுற்றுச்சூழல் நாளில், நைரோபியின் கமுகுஞ்சி பூங்காவில் ஏழு மரங்களைத் தேசியப் பெண்கள் மன்றத்தோடு சேர்ந்து நட்டார். பசுமைப் பட்டை இயக்கம் பிறந்தது அன்றுதான்.

பெண்கள் கன்றுகளுக்காக வனத்துறையிடம் சென்றார்கள். கேட்ட அளவு கொடுக்க வனத்துறையால் முடியவில்லை. நாற்று விடச் சொல்லித்தர வந்த அலுவலர்களோ சாய்வு, ஆழம், அளவு என்று பாடம் நடத்தினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் மலைத்துப் போனார்கள். வங்காரி சொன்னார்: நீங்கள் சோளமும் பயறும் விதைப்பவர்கள்தாமே, மரமும் விதையிலிருந்துதானே முளைக்கிறது, உங்கள் அறிவைக் கொண்டே செய்யுங்கள் என்று. உடைந்த பானைகளிலும் ஓட்டைத் தகரங்களிலும் தம் ஊர் மரங்களின் விதைகளையே பொறுக்கிப் போட்டு நாற்று வளர்த்தார்கள். பட்டயம் பெறாத வனவர்கள் என்று அவர்களுக்குப் பெயர் வந்தது.

நாம் இங்கே சற்று நின்று கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அப்பெண்களுக்குக் கூலி கொடுக்கப்பட்டது. சிறிய தொகைதான். ஆனால் நட்ட கன்றுக்கு அன்று, பிழைத்த கன்றுக்கு. நட்டுச் சில மாதம் கழித்து, உயிரோடு நிற்கிறதா என்று பார்த்த பிறகே பணம். இந்த ஒரு விதிக்குள் எவ்வளவு பொருள் இருக்கிறது! தண்ணீர் ஊற்றுவது, ஆடு கடிக்காமல் வேலி கட்டுவது, வெயிலுக்கு ஓலை மறைப்பது என்று பெண்கள் ஊரெங்கும் காலங்காலமாய்ச் செய்துவரும், எவரும் கணக்கில் எழுதாத பராமரிப்பு வேலைக்கு ஒரு விலை வைக்கப்பட்டது. அந்தப் பணம் கடன் அல்ல. அதற்குத் தவணை இல்லை, வட்டி இல்லை. கணவரிடம் கேட்டு வாங்கியதும் அல்ல. பலருக்கு அது தம் கையால் ஈட்டி, தம் பெயரில் பெற்ற முதல் பணம். இன்றுவரை 5 கோடிக்கும் அதிகமான மரங்களை நட்டிருப்பதாக அவ்வியக்கம் கூறுகிறது. மேடையில் நட்டுப் புகைப்படம் எடுத்த கன்றுகளைக் கொண்டு அந்த எண்ணிக்கை வந்திருக்காது.

நம் பக்கம் பார்ப்போம். ஆண்டுதோறும் செப்டம்பர் முதல் நாள் தொடங்கும் படைப்பின் காலத்தில் நாமும் கன்று நடுகிறோம். பங்குத்தந்தை மண்வெட்டியைப் பிடிக்க, பேரவை உறுப்பினர்கள் கன்றைப் பிடிக்க, படம் எடுக்கப்படுகிறது. மறு ஆண்டு குழி தோண்டும் வேலை மிச்சம். போன ஆண்டுக் குழியே காலியாக இருக்கிறது. சிரிக்க வேண்டியதுதான், ஆனால் அது நம்மைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு.

வங்காரி கிறித்தவர்களுக்கென்றே ஒரு யோசனையும் சொன்னார். ஆண்டவரை அறைந்த சிலுவைக்காக யாரோ ஒருவர் காட்டில் ஒரு மரத்தை வெட்டியிருக்க வேண்டும். ஆகவே அவர் சாவை வென்றதற்கு நன்றியாக, உயிர்ப்பு ஞாயிறுக்கு அடுத்த திங்களன்று உலகக் கிறித்தவர்கள் எல்லாரும் மரம் நட்டால் என்ன என்று கேட்டார். அருமையான எண்ணம். ஆனால் அதை அப்படியே இங்கே எடுத்துக்கொள்ளக் கூடாது. கென்யாவில் மார்ச் முதல் மே வரை நீண்ட மழைக்காலம். நமக்கோ அது கத்திரி வெயிலை நோக்கிச் செல்லும் காலம், நட்டால் கருகும். நமக்கு ஏற்றது, படைப்பின் காலம் நிறைவடையும் அக்டோபர் 4, புனித பிரான்சிஸ் அசிசியாரின் திருநாள். வடகிழக்குப் பருவமழை வருவதற்குச் சற்று முன்பாக அது அமைந்திருப்பது கொடை போலத் தோன்றுகிறது. செப்டம்பர் முதல் நாளில் நடாமல், அந்த மாதம் முழுதும் குழி தோண்டி, எரு இட்டு, வேலிக்கு முள் சேர்த்து வைத்தால் போதும்.

மரம் நடுகிற பெண்கள் யாருக்கு இடைஞ்சல் என்று நினைப்போம். ஆனால் நடந்தது வேறு. 1989-இல் நைரோபியின் உகுரு பூங்காவில் 60 மாடிக் கட்டடம் எழுப்ப அன்றைய ஆட்சியாளர்கள் திட்டமிட்டபோது, பொது மக்களின் பூங்காவைப் பறிக்காதீர்கள் என்று வங்காரி கடிதங்கள் எழுதினார். நாடாளுமன்றத்தில் அவரையும் இயக்கத்துப் பெண்களையும் மணமுறிவு பெற்றவர்களின் கூட்டம் என்று இகழ்ந்தார்கள். அவர் மணவாழ்வு முறிந்தது உண்மை. அந்தக் காயத்தையே கல்லாக எடுத்து எறிந்தார்கள். இயக்கத்தின் அலுவலகம் பறிக்கப்பட்டது. அவர் வீடே அலுவலகமாயிற்று. முடிவில் கட்டடத்துக்குப் பணம் போட இருந்த வெளிநாட்டவர் பின்வாங்கினர், திட்டம் கைவிடப்பட்டது. 1999 ஜனவரியில் கரூரா காட்டைக் காக்கச் சென்றபோது அவரது தலை உடைக்கப்பட்டது. காவல் நிலையத்தில் புகார் மனுவில் தம் இரத்தத்தைத் தொட்டே கையெழுத்திட்டார்.

இடையில் 1992-இல் நடந்த ஒன்று நம் சிந்தனைக்கு மிகவும் உரியது. சிறையிலிருந்த அரசியல் கைதிகளின் தாய்மார்கள் தம் மைந்தரை விடுவிக்கக் கோரி உகுரு பூங்காவில் உண்ணாநோன்பு இருந்தார்கள். வங்காரி அவர்களோடு அமர்ந்தார். மார்ச் 3-ஆம் நாள் காவலர் கண்ணீர்ப்புகை வீசித் தடியடி நடத்தினர். வங்காரி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். சிதறடிக்கப்பட்ட தாய்மார்களுக்கு அருகிலிருந்த ஆங்கிலிக்கன் சபையின் சகல புனிதர்கள் பேராலயம் கதவைத் திறந்தது. ஓரிரு இரவுக்கு அல்ல. ஏறக்குறைய ஓராண்டு அவர்கள் அங்கே தங்கினார்கள். மைந்தர்கள் விடுதலையாகும் வரை. அந்தப் பேராலயம் பேருரை எதையும் ஆற்றியிருக்கத் தேவையில்லை. இடம் கொடுத்தது, பூட்டாமல் இருந்தது.

நம்பிக்கைச் சமூகம் ஒன்று பெண்களுக்குச் செய்யக்கூடியது என்ன என்று கேட்கும்போது நாம் உடனே கடன் என்கிறோம். சுய உதவிக்குழுக்களின் அருமையை நாம் குறைத்துச் சொல்லவில்லை. நம் மாநிலத்தில் 1989-இல் தர்மபுரியில் அரும்பிய அத்திட்டம் எண்ணற்ற பெண்களை வீட்டு வாசலைத் தாண்டச் செய்தது. வங்கிப் படிவத்தில் கையெழுத்திடக் கற்றுத் தந்தது. ஆயினும் இன்று வீடு சந்திக்கச் செல்லும்போது நாம் காண்பது என்ன? ஒரே பெண் மூன்று, நான்கு இடங்களில் வாங்கிய கடனுக்கு வாரத்தவணை கட்டுகிறார். ஒன்றை அடைக்க மற்றொன்று. தவணை நாளில் அன்பியக் கூட்டத்துக்கு வருவதில்லை. வந்தால் யாராவது கேட்பார்கள் என்ற கூச்சம். கடன் கிடைப்பது ஒன்று, வருமானம் கிடைப்பது வேறொன்று. வருமானம் வர வேண்டுமானால் வாங்குபவர் ஒருவர் வேண்டும்.

அந்த வாங்குபவராகப் பங்கு இருக்கலாமே! ஓர் ஆண்டில் நம் பங்கு எவ்வளவு வாங்குகிறது என்று கணக்குப் பார்த்தால் வியப்பாக இருக்கும். திருவிழாவுக்குப் பூ, மெழுகுதிரி, தோரணம், அசனத்துக்கு அரிசி, காய்கறி, நற்கருணைப் பவனிக்குப் பந்தல், முதல் நற்கருணைப் பிள்ளைகளுக்குப் பரிசு. பள்ளிகளும் மருத்துவமனைகளும் விடுதிகளும் சேர்ந்த மறைமாவட்டம் வாங்குவது அதைவிடப் பன்மடங்கு. பெரும்பகுதி நகரத்துக் கடைகளுக்குப் போகிறது. தோரணம் நெகிழியாக வந்து, திருவிழா முடிந்ததும் வாய்க்காலில் சேர்கிறது. அதே திருவிழாவில் நம் பெண்கள் இரவெல்லாம் காய் நறுக்கிச் சமைத்து, பாத்திரம் கழுவி, விடியற்காலையில் வீடு திரும்புகிறார்கள். அதைச் சேவை என்கிறோம். ஒலிபெருக்கிக்காரருக்கும் பந்தல்காரருக்கும் சேவை என்று சொல்லி அனுப்பிவிட நம்மால் முடியுமா? சேவை செய்வது பெண்களின் விருப்பம். அதை எதிர்பார்ப்பது நம் வழக்கம். இரண்டுக்கும் வேறுபாடு உண்டு.

இன்னும் கசப்பான ஒன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். எண்ணிக்கை நூல் 27-ஆம் இயலில் செலொபுகாதின் ஐந்து புதல்வியர் மோசேயின்முன் வந்து நிற்கிறார்கள். தந்தைக்கு மகன் இல்லை என்பதற்காக எங்களுக்குக் காணி இல்லையா என்று கேட்கிறார்கள். மோசே தாமாகத் தீர்ப்புச் சொல்லவில்லை, ஆண்டவரிடம் கொண்டுபோகிறார். அவர்கள் கேட்பது சரியே என்று ஆண்டவர் சொல்கிறார். நம் நாட்டில் கிறித்தவக் குடும்பங்களுக்குப் பொருந்தும் 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த தந்தையின் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு உண்டு. பழைய திருவிதாங்கூர் பகுதிப் பெண்களுக்கும் இது பொருந்தும் என்று மேரி ராய் வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் நடைமுறை என்ன? தந்தையின் நாற்பதாம் நாள் திருப்பலி முடிந்து சில வாரத்தில் சகோதரிகள் பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டு ‘விடுதலைப் பத்திரத்தில்’ கையெழுத்திடுகிறார்கள். உனக்குத்தான் நகை போட்டோமே என்பது வழக்கமான பதில். அந்தக் குடும்பங்களில் பல, கோவிலில் முதல் வரிசையில் இருப்பவை. பங்குத்தந்தையருக்கு இது தெரியும். கேட்டால் குடும்ப விவகாரம் என்று ஒதுங்கிக்கொள்கிறோம். வங்காரியின் பெண்களும் மரம் நட்டது பெரும்பாலும் தம் பெயரில் இல்லாத நிலத்தில்தான். நிலம் தன்னுடையதாக இல்லாதவள் இருபது ஆண்டு கழித்துப் பலன் தரும் பலா மரத்தை எந்த நம்பிக்கையில் நடுவாள்?

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தது. வெப்பம் ஏறிய கடலில் புயல்கள் விரைந்து வலுப்பெறுகின்றன என்று அறிவியலாளர் சொல்லும் எச்சரிக்கையைக் குமரிமாவட்டக் கடற்கரைப் பங்குகள் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கடலுக்குப் போனவர்களில் பலர் திரும்பவில்லை; பலரின் உடலும் கிடைக்கவில்லை. கோவில் மணி அடித்து மக்கள் கூடினார்கள். அருள்பணியாளர்கள் மக்களோடு சாலையில் அமர்ந்தார்கள். அந்த நாட்களில் திருஅவை தன் மக்களோடு நின்றது என்று நன்றியோடு சொல்லலாம். ஆனால் பந்தல் பிரிக்கப்பட்ட பிறகு, வீட்டுக் கடன், படகுக் கடன், பிள்ளைகளின் படிப்பு என்று எல்லாவற்றுக்கும் ஒரே ஆளாக நின்றவர்கள் பெண்கள். கணவரின் கணக்கு வழக்கு எதுவும் தெரியாமல், தம் பெயரில் எதுவும் இல்லாமல் நின்றவர்களும் அவர்களில் இருந்தார்கள். புயலுக்குப் பின் செய்யும் உதவியைவிடப் புயலுக்கு முன்னரே அப்பெண் பெயரில் ஒரு கணக்கும் ஒரு தொழிலும் இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

வங்காரி தம் பயிற்சிக் கூட்டங்களில் ஒரு வழக்கம் வைத்திருந்தார். முதலில் ஊரின் குறைகளை எல்லாரையும் சொல்லச் சொல்வார். பட்டியல் நீளும். இவற்றுக்கு யார் காரணம் என்று கேட்பார். எல்லாரும் அரசு என்பார்கள். அரசு தவறியது உண்மைதான் என்று ஒத்துக்கொண்டு, பிறகு ஒரு கதை சொல்வார். பயணம் புறப்பட்ட ஒருவர் தவறான பேருந்தில் ஏறிவிடுகிறார். போய்ச்சேரும் ஊரில் அவருக்கு ஆளும் தெரியாது, வழியும் தெரியாது, துன்பம்தான். ஏன் ஏறினார்? விசாரிக்காமல் ஏறினாரா, பொய் சொல்லி ஏற்றினார்களா, பயந்து கேட்காமல் இருந்தாரா? மக்கள் தாமே விடை சொல்லத் தொடங்குவார்கள். நம் அன்பியக் கூட்டங்களில் விவிலியப் பகிர்வு முடிந்து வாழ்வோடு இணைக்கும் நேரத்தில் இத்தகைய கேள்வி எப்போதாவது எழுகிறதா? பெரும்பாலும் அடுத்த கூட்டம் யார் வீட்டில் என்பதோடு முடிக்கிறோம்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015 நவம்பரில் கென்யா சென்றார். நைரோபியிலுள்ள ஐ.நா. அலுவலக வளாகத்தில் ஒரு மரம் நட்டார். மறுநாள் கங்கேமி என்னும் குடிசைப் பகுதியில் மக்களைச் சந்தித்தார். மரமும் குடிசையும் ஒரே பயணத்தில், அடுத்தடுத்த நாட்களில். இரண்டையும் அவர் இரு வேறு நிகழ்ச்சிகளாகக் கருதவில்லை. அவருக்குப்பின் வந்த திருத்தந்தை பதினான்காம் லியோ, 2025 ஜூலையில், படைப்பைப் பேணுவதற்கான புதிய திருப்பலிச் செபங்களைக் கொண்டு காஸ்தெல் கந்தோல்போவில் திருப்பலி நிறைவேற்றினார். ஆக இது ஒரு திருத்தந்தையின் தனி ஆர்வம் என்று ஒதுக்க இடமில்லை. இப்போது அது நம் பீடத்திற்கே வந்துவிட்டது.

இவற்றையெல்லாம் அண்மையில் நம் பங்கின் பெண்கள் கூடிய ஒரு மாலையில் சொன்னோம். அக்டோபர் மழைக்கு முன் நாற்று விடுவது, பிழைத்த கன்றுக்கு ஆறு மாதம் கழித்துப் பங்கு நிதியிலிருந்து பணம் தருவது, பள்ளி வளாகத்துக்குத் தேவையான வேம்பும் புங்கனும் நம் பெண்களிடமே வாங்குவது என்று திட்டத்தை விளக்கினோம். நன்றாகவே பேசினோம் என்ற எண்ணம் நமக்கு. பின்வரிசையில் அமர்ந்திருந்த முதிய அம்மா ஒருவர் எழுந்தார்.

“எல்லாம் சரி சாமி. இப்பவே குடிக்கிற தண்ணிக்கு ரெண்டு நாளைக்கு ஒருக்கா லாரிக்குக் காத்துக் கிடக்கோம். கன்னுக்கு யாரு ஊத்துவா? நாங்கதான் ஊத்தணும். எந்தத் தண்ணிய?”

அதற்கு நம்மிடம் பதில் இல்லை. பங்கு இல்லத்தின் பின்புறம் ஆழ்துளைக் கிணறு இருக்கிறது. அதன் நீர் நம் தோட்டத்துக் குரோட்டன்சுக்குப் பாய்ந்துகொண்டிருந்தது. இரவு பேரவைச் செயலரிடம் பேசினோம். இப்போது மதிற்சுவருக்கு வெளியே இரண்டு குழாய்கள் வைத்திருக்கிறோம். காலை ஆறு முதல் ஏழரை வரை, மாலை ஐந்து முதல் ஆறரை வரை. முதல் வாரம் குடிநீருக்கே போதவில்லை. நாற்றுப்பைக்கான செம்மண் பள்ளிக்கூடத்துத் திண்ணையில் வந்து இறங்கியிருக்கிறது. விதை பொறுக்கும் வேலையை அந்த அம்மாவே ஏற்றுக்கொண்டிருக்கிறார்.